கடாரத்துத் தடங்கள் – 9: கல், சுதை, காவிக்கோடு

தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர்களை மெர்போக்குக்கு அழைத்துப் போகிற நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரியும். திகாம் பத்துவில் தேநீர் குடிக்கும்போதே கடாரங்கொண்டான் ராஜேந்திர சோழன் பேச்சு தொடங்கிவிடும். சுங்கை பட்டாணி, பீடோங், செமெலிங் எல்லாம் தாண்டி வண்டி ஜெராய் மலையடிவாரத்தில் நிற்கும்வரை அது ஓயாது. அருங்காட்சியகத்தைக் கடந்து படியேறி, மலாய்க்காரர்கள் ‘சண்டி புக்கிட் பத்து பஹாட்’ என்று சொல்லும் கோவிலுக்கு முன்னால் போய் நின்றதும் பேச்சு அடங்கும். எதிரே இருப்பது கருங்கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு மேடை. ஏறுவதற்குச் சில படிகள், மேலே தூண் நின்ற இடத்தைக் காட்டும் வட்டக் கற்கள். கோபுரம் கிடையாது. யாளி கிடையாது. சுவரில் ஒரு கோட்டத்துச் சிற்பம்கூட இல்லை. ‘இவ்வளவுதானா?’ என்று யாராவது ஒருவர் கேட்டே விடுவார்.

தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் கேள்வி எழுவது இயல்பு. கடல்வழியையும் ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பையும் சென்ற இதழ்களில் பார்த்தோம். இந்த இதழில் கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின், கலை. தஞ்சையின் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால்தான் அது கண்ணில் படும் என்பது என் கட்சி.

பத்து பஹாட் கோவிலையே எடுத்துக்கொள்வோம். கட்டியவர்கள் கல்லுக்காக எங்கும் அலையவில்லை. ஜெராய் மலையின் ஓடைகளில் கருங்கல் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. அதையே உடைத்துச் செதுக்கி அடித்தளம் கட்டினார்கள். கருவறையும் அதற்கு முன்னால் மண்டபமுமாக அமைந்த திட்டம் நமக்குப் பழகியதுதான். மண்டபத்தில் வரிசையாக இருக்கும் தூண்தாங்கிக் கற்களில் ஒன்றைக் குனிந்து பாருங்கள். நடுவே குழி வெட்டியிருக்கும். அதில் நின்றது கல்தூண் அல்ல, மரத்தூண். மேலே இருந்த கூரையும் மரத்தாலும் ஓலையாலும் ஆனதாகத்தான் இருக்க வேண்டும். மெர்போக்கில் பெய்கிற மழைக்கும் அங்குள்ள கரையானுக்கும் மரம் எத்தனை தலைமுறை தாங்கும்? நாம் இன்று பார்ப்பது ஒரு கோவிலின் கால் பாகம். செதுக்கு வேலை எங்கே அதிகம் இருந்திருக்குமோ, அந்தத் தூணும் உத்தரமும் விட்டமும் மண்ணோடு போய்விட்டன. சிற்பம் இல்லாத கோவில் என்று சொல்வது சரியல்ல. சிற்பம் மிஞ்சாத கோவில் என்று சொல்லலாம்.

அந்த இடிபாட்டை ஆராய்ந்து மறுபடி எடுத்துக் கட்டியவர் அலஸ்டர் லேம்ப் என்ற வரலாற்றாசிரியர். 1958க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலம். கற்களை எடுத்து அடுக்கும் வேலையில் அவருக்குக் கிடைத்த பொருள்கள், நான் கேட்டால், கோவிலைவிட முக்கியமானவை. அடித்தளத்தில் புதைத்து வைத்த கல் பெட்டிகள் அவை. கையால் தூக்கக்கூடிய அளவிலான கல்லைக் குடைந்து, நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு என்று ஒன்பது குழிகள். மேலே கல் மூடி. உள்ளே செம்புக் கலம், பொன் தகடு, வண்ண மணிக்கற்கள்.

இது என்னவென்று நம் ஊர்க் கோவில் அர்ச்சகரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். ஆகம நூல்கள் கர்ப்பநியாசம் என்று சொல்கிற சடங்கு. கோவில் ஓர் உயிர். அதற்குக் கரு வைக்க வேண்டும். அந்தக் கருவைப் பொன், மணி, தானியம், மண் என்று அறைகள் பிரித்த பேழையில் வைத்துப் பூமிக்குள் இறக்க வேண்டும். மயமதம் என்ற கட்டடக்கலை நூல் இந்தப் பேழைக்கு அறைக்கணக்கும் அளவும் சொல்கிறது. ஒன்பது அறை அதில் ஒரு வகை. நம் தோட்டத்து மாரியம்மன் கோவில் குடமுழுக்கில் சாமியைப் பீடத்தில் நிறுத்துவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். குழிக்குள் யந்திரத் தகட்டை இறக்குவார்கள். நவரத்தினப் பொட்டலத்தைப் பிரித்துப் போடுவார்கள். அப்புறம் வரிசையில் நிற்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து, மூக்குத்தித் திருகோ, தேய்ந்துபோன தோட்டின் பொட்டோ, ஒரு குந்துமணித் தங்கம் அதில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அஷ்டபந்தன மருந்தை இடித்து மேலே அப்பிவிட்டால் அதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. பத்து பஹாட்டின் பெட்டிகளும் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் அந்த ஒன்பது குழிகளும் கச்சிதமாகக் குடையப்பட்டிருக்கின்றன. விளிம்பு நேராக இருக்கிறது, மூடி பொருந்துகிறது. மெர்போக் அருங்காட்சியகத்தில் அந்தப் பெட்டிகளைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கண்ணாடிக்குப் பின்னால் கல் உரல் மாதிரி ஏதோ இருக்கிறதே என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

அதே கூடத்தில் ஆவுடையார் பீடமும், அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் தூம்புக் கல்லும் உண்டு. பத்து பஹாட் சைவக் கோவிலாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. காலம் விஷயத்தில்தான் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. 11ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள், முன்னே பின்னே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள்.

லேம்ப் மெர்போக்கில் கல் எண்ணிக்கொண்டிருந்த 1959ஆம் ஆண்டு பழங்கலைக்கு ஒரு நல்ல ஆண்டு. அந்த ஜனவரியில் ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கோடியில், அண்டலூசியாவின் மலகா மாவட்டத்தில், நெர்ஹா என்ற கடலோர ஊரின் பையன்கள் ஐந்து பேர் வௌவால் பிடிக்கப் போய் ஒரு பொந்துக்குள் நுழைந்தார்கள். உள்ளே மாளிகை மாதிரி விரிந்த குகை. சுவர்களில் ஆதி மனிதன் தீட்டிய உருவங்கள். அடுத்த ஆண்டே அதைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று அந்த வட்டாரத்துக்கே அது பிழைப்பு.

இங்கேயும் அதே 1959இல், ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் என்னுமிடத்தில், கூர்க்கா படையைச் சேர்ந்த ராலிங்ஸ் என்ற அதிகாரி சுண்ணாம்புக்கல் மலையின் மேல் ஏறினார். கம்யூனிஸ்டுகளைத் தேடிப் படைகள் காடுமேடெல்லாம் சுற்றிய அவசரகாலத்தின் கடைசிக் கட்டம் அது. மலையின் பக்கவாட்டில் மழை படாத சரிவு ஒன்றில் அவர் கண்டது சிவப்புச் சித்திரங்கள். தீபகற்பத்தில் தெரியவந்த பாறை ஓவியங்களில் மிகப் பெரியது இதுதான். பிற்பாடு, 2009ஐ ஒட்டி, நோயல் டான் என்ற ஆய்வாளர் முறையாக எண்ணிப் பதிவு செய்தபோது உருவங்கள் 600ஐத் தாண்டின. புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை என்று பொதுவாகக் கணிக்கிறார்கள்.

தம்புன் நம் கெடாவில் இல்லை, பேராக்கில் இருக்கிறது. கடாரத் தொடரில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். கப்பல் வந்த பிறகுதான் இந்த மண்ணுக்குக் கை வந்தது, கலை வந்தது என்று நாம் மேடையில் பேசிப் பேசிப் பழகிவிட்டோம். நாகப்பட்டினத்திலிருந்தோ மாமல்லபுரத்திலிருந்தோ முதல் மரக்கலம் மெர்போக் ஆற்று முகத்துக்குள் நுழைவதற்கு வெகு காலம் முன்பே இந்தத் தீபகற்பத்தில் ஒருவன் இரும்புக் காவியை உரசி, குழைத்து, பாறையில் மான் வரைந்திருக்கிறான். சில உருவங்கள் வெறும் கோடு. சிலவற்றில் உள்ளே காவி நிரம்பியிருக்கிறது. விலங்குகள், கை விரித்து நிற்கும் மனிதர்கள், இன்னதென்று சொல்ல முடியாத வடிவங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் கிடக்கின்றன. ஒரே நாளில் ஒரே ஆள் வரைந்தது அல்ல என்பது நின்று பார்த்தால் தெரிகிறது. கீழே நம் காலத்து ஆட்களும் சாயப் புட்டியால் காதலி பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறை இரண்டையும் ஒன்றுபோலத்தான் தாங்குகிறது.

அண்டலூசியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது நமக்குத் தேவைப்படும். நெர்ஹாவுக்கு முன்பே, 1905இல், அதே மலகா மாவட்டத்து மலைப்பகுதியில் ஹோசே புல்யோன் என்ற விவசாயி தன் வயலுக்கு உரமாகப் போட வௌவால் எச்சம் தேடிப் போய் பிலேட்டா குகையைக் கண்டுபிடித்தார். மலாயாவிலும் சுண்ணாம்புக் குகைகளில் வௌவால் எச்சம் வெட்டி எடுத்து உரமாக விற்றிருக்கிறார்கள்; தரையைக் கிளறும்போது பழைய எலும்பும் கல்லாயுதமும் அதோடு போய்விட்டது என்று தொல்லியல்காரர்கள் குறைப்படுவது உண்டு. பிலேட்டாவில் அப்படி நடக்கவில்லை. சுவரில் பெரிய மீன் ஒன்றும் ஏராளமான விலங்குகளும் இருப்பதைக் கண்ட புல்யோன் குடும்பம் குகையைக் காபந்து செய்தது. நூறாண்டு கடந்தும் அந்தக் குடும்பம்தான் விளக்கைக் கையில் கொடுத்துச் சின்னச் சின்னக் குழுவாக ஆட்களை உள்ளே அழைத்துப் போகிறது.

மறுபடி நம் பக்கம். கெடாவிலும் அதன் எல்லையிலும் பழம்பொருள் தேடலைத் தொடங்கி வைத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் லோ. திகாம் பத்துவிலிருந்து தெற்கே போய் மூடா ஆற்றைக் கடந்தால் செபராங் பிறை. அன்று அதற்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயர். அங்கே ஒரு பழைய பௌத்தக் கட்டட இடிபாட்டருகே 1834இல் லோ ஒரு கல் பலகையைக் கண்டெடுத்தார். தீபகற்பத்தின் பழைய சிற்பங்களில் தேதி ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் அது ஒன்று: 5ஆம் நூற்றாண்டு.

பலகையின் நடுவே ஒரு தூபி கோட்டுருவமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பீடம், அதன் மேல் உருண்டையான அண்டம், அதன் உச்சியில் அடுக்கடுக்காக ஏழு குடைகள். தூபியின் இரு பக்கமும், தென்னிந்தியச் சாயல் உள்ள எழுத்தில், வடமொழியில் வாசகம். ரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன், பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று வைத்த கல் அது. அந்த ஊர் வங்காளத்தில் இருந்தது என்கிறார்கள் சிலர். தீபகற்பத்திலேயே இருந்தது என்கிறார்கள் சிலர். எப்படியானாலும் அவன் அரசனல்ல. படை நடத்தி வந்தவனும் அல்ல. பருவக்காற்று திரும்புகிறவரை துறைமுகத்தில் காத்துக் கிடந்த கப்பல்காரன். கடாரத்தின் முதல் சிற்பத்துக்குக் காசு கொடுத்த புரவலன் அவனைப் போன்ற ஒருவன் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மூடா ஆற்று முகத்தில் கோத்தா கோலா மூடாவை ஒட்டியுள்ள சுங்கை மாஸ் கம்பத்திலும் இதைப் போலத் தூபி செதுக்கிய கல் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆகவே இது ஒருவனுடைய தனி விருப்பம் மட்டுமல்ல; இந்தத் துறையில் இப்படிக் கல் வைத்துப் போகும் வழக்கம் இருந்திருக்கிறது.

லோ அந்தக் கல்லைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்றும் அங்கேதான், இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூடா ஆற்றங்கரையில் கிடைத்த கல்லைப் பார்க்க நாம் ஹூக்ளி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

லோவுக்குப் பிறகு வெகு காலம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழிந்து பால்மரம் வந்தது; பால்மரத்தோடு நம் பாட்டன் பாட்டிகள் வந்தார்கள். ஜெராய் மலையின் தெற்கு, தென்கிழக்குச் சரிவுகளில் சண்டிகள் என்ற இந்தப் பழங்கோவில்கள் கிடந்த மேடுகளுக்கு மேலேயே நிரை பிடித்துக் கன்று நட்டார்கள். 1936, 37 ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரத்தியும் வந்து தோண்டியபோது, அவர்கள் பட்டியலிட்ட ஏறத்தாழ 30 இடங்களில் பல தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. சுங்கை பத்துத் தோட்டம் அவற்றில் ஒன்று. அந்தத் தோட்டத்துப் பகுதியிலிருந்துதான் மகிடனை வதைக்கும் துர்க்கையின் உடைந்த துண்டும் கணபதி உருவத்தின் துண்டும் கிடைத்தன.

தோட்டத்து மக்களின் வாழ்க்கையை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். விடியலுக்கு முன்னால் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போன பெண், மங்கைத் துடைத்து, கோடு இழுத்து, அடுத்த மரத்துக்கு நகர்கிறாள். நிரை முடிகிற இடத்தில் அவள் கல் நட்டு மஞ்சள் பூசிக் கும்பிட்ட அம்மன் இருக்கிறாள். காலுக்குக் கீழே இன்னொரு அம்மன், மகிடன் தலையோடு, ஆயிரம் ஆண்டுகளாகக் கிடக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இந்த இடத்தில் கொஞ்சம் கதை கட்டிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் கீழே கிடந்தவளை வைத்தது மேலே வெட்டியவளின் முன்னோர் என்று சொல்ல எந்தச் சான்றும் கிடையாது.

இங்கேதான் நம்மவர்களோடு எனக்குச் சண்டை. கோவில் திருவிழா மேடைகளில் சண்டிகள் எல்லாம் சோழன் கட்டியவை என்று அடித்துப் பேசுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. கணக்கைப் பாருங்கள். புத்தகுப்தனின் கல் 5ஆம் நூற்றாண்டு. கெடாவில் கிடைத்த பழைய பௌத்த வாசகங்கள் பலவும் ராஜேந்திரன் பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. பெங்காலான் பூஜாங் பகுதியில் கிடைத்த சீனப் பீங்கான் சில்லுகள் சொல்கிற வணிகமோ அவன் காலத்துக்குப் பிந்தியது. முன்னும் பின்னும் ஆயிரம் ஆண்டு வரலாறு. நடுவில் 1025இல் ஒரு படையெடுப்பு. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால் கடாரத்து அரசன்தான் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரை எழுப்பினான்; ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். கலையும் காசும் இரண்டு கரைக்கும் போய் வந்தன.

சரி, குவாரிட்ச் வேல்ஸ் சொன்னதாவது சரியா? இந்தியர்கள் அலை அலையாக வந்து குடியேறி இதையெல்லாம் கட்டினார்கள் என்றார் அவர். ஆங்கிலேயன் குடியேற்றத்தைத் தவிர வேறு எதை யோசிப்பான்! பின்வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். இந்த ஊர்த் தலைவர்களும் வணிகர்களும் வெளியிலிருந்து வந்த தெய்வங்களையும் எழுத்தையும் கட்டட முறையையும் தங்களுக்கு வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதே இன்றைய பார்வை. பத்து பஹாட் அதற்கு நல்ல சாட்சி. கருவறை, மண்டபம், கர்ப்பநியாசம் எல்லாம் தென்னாட்டுச் சரக்கு. மரத்தூணும் மேற்கூரையும் இந்த மழைக்காட்டு வேலை. தச்சன் இந்த ஊர்க்காரனாகத்தான் இருந்திருப்பான்.

தமிழ்க் கை பட்ட சிற்பத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்களுக்கு வடக்கே ஓர் இடம் உண்டு. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பா. அங்கே திருமாலும் மண்டியிட்ட இருவருமாகப் பல்லவச் சாயலில் கல் சிற்பங்கள் கிடைத்தன. ஒரு மரம் அவற்றை வேரால் வளைத்துப் பிடித்து வளர்ந்திருந்தது. அதே வட்டாரத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் அதற்குக் காவலாக மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டு, மூன்றாம் நந்திவர்மன் காலம். குழு இருந்தது, குளம் வெட்டினார்கள், தமிழில் எழுதி வைத்தார்கள், தங்கள் பாணியில் சாமி செய்தார்கள். கெடாவில் கிடைத்திருப்பது இந்த மாதிரி அல்ல. இங்குள்ள பழைய கல்லெழுத்துகள் வடமொழியில் இருக்கின்றன. உருவங்கள் சின்னவை, உள்ளூர்ப் பொருளில் ஆனவை.

‘உருவங்கள் சின்னவை’ என்று அண்மைக்காலம் வரை தயங்காமல் எழுத முடிந்தது. அதை மாற்றியது புக்கிட் சோராஸ்.

மற்றச் சண்டிகள் பெரும்பாலும் ஜெராய் மலைக்குத் தெற்கே இருக்க, புக்கிட் சோராஸ் மட்டும் வடக்கே, யான் வட்டாரத்து வயல்வெளியில் தனித்து நிற்கும் ஒரு குன்று. குவாரிட்ச் வேல்ஸ் அதைத்தான் தன் பட்டியலில் முதலாவதாக எழுதினார். ஆனால் முழுமையாகத் தோண்டவில்லை. 1980களில் கொஞ்சம் பார்த்தார்கள். 2022இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உலகத் தொல்லியல் ஆய்வு மையம், நஷா ரொட்சியாடி காவ் தலைமையில், முறையாகத் தோண்டத் தொடங்கியது. செங்கல்லும் செம்புரைக்கல்லுமாகப் பெரிய தளம் ஒன்று வெளிவந்தது. 2023 ஆகஸ்ட் கடைசியில், சுவரை ஒட்டிய மண்ணை விலக்கும்போது, ஏறத்தாழ ஆள் அளவில், தியானத்தில் அமர்ந்த உருவங்கள் தென்பட்டன. சுதையால் ஆனவை. எழுத்துப் பொறித்த துண்டுகளும் கூடவே கிடைத்தன. 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய பௌத்தக் கோவில் என்கிறார்கள். இந்தச் சண்டிகள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கில் இந்த அளவில், இவ்வளவு முழுமையாக உருவங்கள் கிடைத்தது அதுவே முதல் முறை.

சுதை வேலையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கோவில் கோபுரங்களில் நிற்பவர்கள் எல்லாரும் சுதையில் வந்தவர்கள்தாம். தமிழ்நாட்டு முறையில் சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து ஆக்குவார்கள். செங்கல்லால் உடம்பைக் கட்டி, சாந்தை அப்பி, ஈரம் காய்வதற்குள் கரண்டியாலும் மூங்கில் சீவலாலும் கண்ணும் மூக்கும் எடுக்க வேண்டும். கல்லில் பிழைத்தால் கல் போயிற்று. சுதையில் பிழைத்தால் வழித்துவிட்டு மறுபடி அப்பலாம். அந்தச் சுதந்திரம்தான் அதன் பலவீனமும். மழை அதைக் கரைக்கும், வேர் அதைப் பிளக்கும். ஊரில் கோபுரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூச்சு வேலை செய்து குடமுழுக்கு நடத்துகிறோமே, அது பக்திக்கு மட்டுமல்ல, பராமரிப்புக்கும்தான். பராமரிக்க ஆளில்லாத சுதை சில பத்து ஆண்டில் முகம் இழந்துவிடும்.

அப்படியானால் புக்கிட் சோராஸ் உருவங்கள் 1200 ஆண்டு எப்படிப் பிழைத்தன? சுவர் சரிந்து மண் மூடியதால். இடிபாடே காப்பாயிற்று. இன்னொன்றும் இதிலிருந்து பெறப்படுகிறது. தெற்கே மெர்போக் பக்கம் நாம் மொட்டை மேடையாகப் பார்க்கும் செங்கல் கோவில்களிலும் இப்படிச் சுதை உருவங்கள் இருந்திருக்கலாம். நிலத்துக்கு மேலே நின்ற குற்றத்துக்காக அவை கரைந்து போயிருக்கலாம். இது என் ஊகம். ஆனாலும் ‘இவ்வளவுதானா’ என்று கேட்கிற விருந்தினருக்கு இனி நான் சொல்லப் போகும் பதில் இதுதான். மெர்போக்கில் நிற்கும்போது சுவரெல்லாம் வெள்ளைச் சாந்து பூசி, ஆள் உயரத்துக்கு உருவங்கள் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். மேலே ஓலைக் கூரை. கீழே ஆற்றுத் துறையில் பாய்மரம்.

கரைந்து போனவை மழையால் மட்டும் போகவில்லை. 2013ஆம் ஆண்டு கடைசியில், பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை நில மேம்பாட்டாளர் ஒருவர் இயந்திரம் விட்டுத் தரைமட்டமாக்கிவிட்டது தெரியவந்தது. குவாரிட்ச் வேல்ஸ் பட்டியலில் இருந்த இடம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்று மதிப்பிட்ட கட்டடம். வீடு கட்டுவதற்காக நிலத்தைச் சமப்படுத்தினார்களாம். செய்தியை வெளியே கொண்டுவந்தவர்களில் முன்னால் நின்றவர் டத்தோ வீ. நடராஜன். வழக்கறிஞர், நம் வட்டாரத்துக்காரர், பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தை நடத்தியவர், ‘சோழன் வென்ற கடாரம்’ எழுதியவர். மேலே நான் சோழப் பெருமையைக் கேலி செய்தேனே, அவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் மேடையில் பேசியதோடு நிற்காமல் மேடு மேடாக ஏறி இறங்கிப் பார்த்த மனிதர்.

நாடு முழுக்கக் கொதித்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதம் இல்லாமல் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். வந்த பதில் எளிமையானது: நிலம் தனியாருடையது, அந்த இடம் மரபுடைமைச் சின்னமாக அரசிதழில் பதிவாகவில்லை. 2005ஆம் ஆண்டிலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் பாதுகாக்க வேண்டுமானால் முதலில் இடம் பதிவாக வேண்டும். தோட்டத்துக்குள் கிடக்கும் மேடு எத்தனை பதிவாகியிருக்கும்? தோட்டம் கை மாறும்போது பத்திரத்தில் ஏக்கர் கணக்கு இருக்கும், மரத்தின் வயது இருக்கும்; செங்கல் மேட்டுக்கு இடம் இருக்காது. நம் தோட்டக் கோவில்கள் துண்டாடலின்போதும் நில விற்பனையின்போதும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கோவில் நம்முடையது, நிலம் இன்னொருவருடையது. 11ஆம் எண் சண்டிக்கும் அதே நிலைதான். பிலேட்டா குகையும் தனியார் நிலம்தான். ஆனால் அங்கே நிலத்துக்காரரே காவல்காரராக இருந்தார். தனியார் நிலம் என்பது காரணமே தவிர, சமாதானம் அல்ல.

நடுவே ஒரு தகவல். மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் பத்து பஹாட் மட்டும்தான் தன் சொந்த இடத்தில் நிற்கிறது. பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம், பெண்டியாட் சண்டிகளை அவை இருந்த இடங்களிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து சரிவில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரைக் கோவில் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. எந்தத் துறையைப் பார்த்து நின்றது என்பது போய்விட்டது. இப்படி எடுத்து வைத்ததைக் குறை சொல்லும் தொல்லியல்காரர்கள் உண்டு. 11ஆம் எண்ணுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் எனக்கு அந்தக் குறையைச் சொல்ல வாய் வரவில்லை.

போகிறவர்கள் கூடத்துக்குள் முதலில் அந்த ஒன்பது குழிப் பெட்டியைத் தேடுங்கள், பிறகு துண்டுபட்ட உருவங்களைப் பாருங்கள், கடைசியில் மேலே ஏறுங்கள். திரும்பும் வழியில், செமெலிங் பக்கம், சுங்கை பத்து அகழ்வாய்வுத் தளம் இருக்கிறது. அங்கே கூரைக்கடியில் வட்டமான செங்கல் தளம் ஒன்று இருக்கிறது; அதைச் சுற்றிய நிலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் களிமண் ஊதுகுழாய்களும் கிட்டமும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அந்த வட்டத் தளத்தைக் கி.பி. 110 என்று ஆய்வுக் குழு சொன்னதும், பிறகு அந்த இடத்தின் காலம் இன்னும் பழமைக்குத் தள்ளப்பட்டதும், அதை ஏற்காத அறிஞர்கள் எழுப்பிய கேள்விகளும் பெரிய கதை. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.